கேமராவை ‘எம்’மில் (மேனுவலில்) வைத்து எடுத்தாலும் ஆட்டோவில் எடுத்தது போலவே படம் வருகிறதே, ஏன்?

லயத்து ஜன்னல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கிறேன். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எங்கள் வீட்டில்தான் இன்னும் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் வருவதில்லை. ஆறு மாதங்களுக்கு முன்பு நண்பர் ஒருவரிடமிருந்து பழைய கேனன் 1300டி கேமராவையும் அதனுடன் வந்த 18-55 லென்ஸையும் 600 வெள்ளிக்கு வாங்கினேன். தோட்டத்து லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கோடி வீட்டில் என் பாட்டி இன்னும் தனியாக இருக்கிறார். இந்த ஆண்டு முடிவதற்குள் அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்கு முன் அந்த அடுப்படி, அஞ்சடி (வீட்டின் முன்நடை), வாசலில் உள்ள துளசி மாடம், பின்னால் இருக்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை) நிரைகள் ஆகியவற்றை நல்ல முறையில் படமாக எடுத்து வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கேமராவை வாங்கினேன்.

எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோவில் எடுத்தால் புகை படிந்து கறுத்துப்போன அடுப்படிச் சுவர், நேற்றுச் சாயம் பூசிய சாம்பல் நிறச் சுவர் போல வருகிறது. வாசலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாகிவிடுகிறது. மேனுவலுக்கு, அதாவது ‘எம்’முக்கு, மாறினால்தான் நம் விருப்பப்படி எடுக்க முடியும் என்று பலரும் சொன்னதால் மாறினேன். ஆனால் சக்கரத்தை எப்படித் திருப்பினாலும் படத்தின் வெளிச்சம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. அடுப்படியில் பாட்டியை 1/30 நொடியில் ஒரு படமும் 1/125 நொடியில் ஒரு படமும் எடுத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் என்னவென்றால், இரண்டாவதில் மணல் தூவியது போலப் புள்ளிகள் அதிகம், அவ்வளவுதான். வியூஃபைண்டரின் அடியில் உள்ள, வெளிச்சத்தை அளந்து காட்டும் மீட்டர் குறி பெரும்பாலும் நடுவிலேயே நிற்பதால் நான் சரியாகத்தான் எடுக்கிறேன் என்றும் தோன்றுகிறது.

துளை (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் (ஒளி விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) என்ற முக்கோணத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். எந்த இடத்தில் எதை, எதற்காகத் திருப்ப வேண்டும் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒரு படி கீழே எழுதியது:

வணக்கம் தம்பி. உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. ஷட்டர் வேகத்தை 1/30இலிருந்து 1/125க்கு மாற்றினால் உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும்; படம் இரண்டு படி இருண்டிருக்க வேண்டும் (ஒரு படி என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). இருளாமல் புள்ளிகள் மட்டும் கூடியிருக்கின்றன என்றால் உங்கள் ஐஎஸ்ஓ ‘ஆட்டோ’வில் இருக்கிறது என்று பொருள். நீங்கள் ஒரு பக்கம் ஒளியைக் குறைக்க, கேமரா மறுபக்கம் ஐஎஸ்ஓவை உயர்த்தி அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறது. அடியில் உள்ள குறி நகராமல் நடுவில் நிற்பதும் அதனால்தான். முதலில் ஐஎஸ்ஓவை ஓர் எண்ணில் நிறுத்துங்கள். அடுப்படிக்கு 800 அல்லது 1600 போதும். உங்கள் கேமராவில் ஒரே ஒரு சக்கரம்தான் உண்டு. அதைத் தனியே திருப்பினால் ஷட்டர் மாறும். பின்பக்கத்தில் உள்ள ‘ஏவி’ பொத்தானை அழுத்திக்கொண்டு திருப்பினால் துளை மாறும். இது விரலுக்குப் பழகவே ஒரு வாரம் ஆகும்.

இது பாதி விடைதான். ஐஎஸ்ஓவை நிறுத்திய பிறகு பெரும்பாலோர் செய்யும் அடுத்த காரியம், குறி நடுவுக்கு வரும்வரை சக்கரத்தைத் திருப்பிவிட்டுப் படம் எடுப்பது. அப்படிச் செய்தால் கேமரா ஒரு நொடியில் செய்யும் வேலையை நீங்கள் பத்து நொடியில் கையால் செய்திருக்கிறீர்கள்; படத்தில் எந்த மாற்றமும் இருக்காது. அந்தக் குறி ‘சரி’ என்பதைக் காட்டுவதில்லை. கட்டத்துக்குள் தெரிவது எதுவாக இருந்தாலும் அதன் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது என்பதை மட்டுமே காட்டுகிறது. கரி படிந்த சுவர் கறுப்பு என்பதும் பாட்டியின் சேலை வெள்ளை என்பதும் அதற்குத் தெரியாது. கறுப்பை நிரப்பிக் காட்டினால் அதைச் சாம்பலாக ஏற்றும். வெள்ளையை நிரப்பிக் காட்டினால் அதையும் சாம்பலாக இறக்கும். உங்கள் அடுப்படிச் சுவர் சாயம் பூசியது போல வந்த கதை இதுதான்.

ஆகவே, குறி எங்கே நிற்க வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதுதான் மேனுவல். இதை ஒரு முறை செய்து பாருங்கள். காலையில் வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாட்டியை அடுப்படிக் கதவருகே உட்காரச் சொல்லுங்கள். அளவீட்டு முறையைப் பகுதி அளவீட்டுக்கு (கட்டத்தின் நடுப்பகுதியை மட்டும் அளப்பது) மாற்றி, கட்டத்தின் நடுப்பகுதி முழுவதையும் அவருடைய வெளிச்சம் பட்ட கன்னம் நிரப்பும் அளவுக்கு நெருங்கிச் சென்று குறியைப் பாருங்கள். நம்மவர்களின் மாநிறம், கறுப்பு நிறத் தோலுக்குக் குறியை நடுவுக்கு ஒரு படி கீழே வைத்தால் தோல் தன் நிறத்தில் வரும். நடுவில் வைத்தால் வெளுத்து, பவுடர் பூசியது போலாகும். அந்த எண்களை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் வந்து படம் எடுங்கள். இப்போது மீட்டர் என்ன கத்தினாலும் காது கொடுக்க வேண்டாம். சுவர் இருட்டில் அமிழ்ந்துபோகும்; போகட்டும். எதை இருட்டில் விடுவது என்று முடிவெடுத்த பிறகுதான் எண்களுக்கு வேலை வருகிறது. என்னைக் கேட்டால், இந்த ஒரு பயிற்சி முக்கோணத்தை நூறு முறை வரைந்து பார்ப்பதைவிட மேலானது.

அதன் பிறகு துளையையும் ஷட்டரையும் பாருங்கள். எஃப் எண் சிறிதானால் துளை பெரிது. எஃப்4இல் 1/250 நொடியும், எஃப்8இல் 1/60 நொடியும் ஒரே அளவு ஒளியைத்தான் உள்ளே விடுகின்றன, ஆனால் இரண்டும் ஒரே படம் அல்ல. செம்பனை நிரையின் நடுவே ஒருவரை நிறுத்தி, லென்ஸின் நீண்ட முனையான 55 மில்லிமீட்டரில் எஃப்5.6 வைத்து நெருங்கி எடுத்தால் பின்னால் உள்ள மரங்கள் கரைந்து ஆள் மட்டும் நிற்பார். அகன்ற முனையான 18 மில்லிமீட்டரில் எஃப்11 வைத்தால், ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும் அத்தனை அடிமரங்களும் தெளிவாகி, அந்த மனிதர் எவ்வளவு பெரிய காட்டுக்குள் நாள் முழுவதும் குலை வெட்டுகிறார் என்பது தெரியும். எஃப்22 வரை போக வேண்டாம். அங்கே ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதும் லேசாக மழுங்கிவிடும். ஷட்டரும் அப்படித்தான் படத்தை மாற்றும்; மழையைப் பாருங்கள். இருண்ட பின்னணியின் முன் 1/500 நொடியில் துளித்துளியாக நிற்கும். 1/60 நொடியில் நூல் நூலாக இழுபடும்.

சாலையோரக் கேமரா எழுதியது:

மேலே எழுதியவர் சொன்ன அளவீட்டு விளக்கத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ‘எம்’மில் எடுப்பவர்தான் கலைஞர், மற்றவர்கள் எல்லாம் பொத்தான் அழுத்துபவர்கள் என்ற எண்ணம் புதியவர்களிடம் வேரூன்றி வருவது எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊரில் பிற்பகல் மூன்று மணிக்கு மேகம் ஒன்று சூரியனைக் கடந்து போவதற்குள் வெளிச்சம் மூன்று படி இறங்கி ஏறிவிடுகிறது. தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவரைப் படம் எடுக்க நின்றால், நீங்கள் சக்கரத்தைத் திருப்பி முடிப்பதற்குள் அவர் வீடு போய்ச் சேர்ந்து குளித்தும் முடித்திருப்பார். இத்தகைய இடங்களில் ‘ஏவி’ (துளையை நாம் வைக்க, ஷட்டரைக் கேமரா வைப்பது) அல்லது ‘டிவி’ (ஷட்டரை நாம் வைக்க, துளையைக் கேமரா வைப்பது) முறையில் வைத்து, எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை மைனஸ் ஒன்று, அதாவது ஒரு படி இருட்டாக, என்று திருப்பினால், மேலே சொன்ன அதே முடிவைக் கேமராவின் உதவியோடு விரைவாக அடையலாம். முடிவு உங்களுடையது, கணக்கு அதனுடையது.

அந்த மோட்டார் சைக்கிளையே 1/30 நொடியில், ஆளோடு சேர்ந்து கேமராவையும் ஒரே சீராக நகர்த்திக்கொண்டே எடுத்துப் பாருங்கள். ஆள் ஓரளவு தெளிவாகவும், பின்னால் உள்ள செம்பனை ஓலைகள் பச்சைக் கோடுகளாகவும் வரும். இருபது எடுத்தால் ஒன்று தேறும். எனக்கு முதல் நாளில் அதுவும் தேறவில்லை.

ஒளி மாறாமல் நிற்கும் இடத்திலும், மீட்டர் நிச்சயம் ஏமாறும் இடத்திலும் மட்டும் ‘எம்’முக்குப் போங்கள். கோயில் மண்டபம், கல்யாண மேடை, விடியலுக்கு முந்திய இருட்டு ஆகியவை அப்படிப்பட்டவை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு அருமையான ஓர் இடம் இருக்கிறது: கம்போங் குவாந்தான் மின்மினிகள். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து ஒரே தாளத்தில் மின்னும் அந்தப் பூச்சிகளை எந்த ஆட்டோவாலும் எடுக்க முடியாது. சம்பானில் உட்கார்ந்தும் எடுக்க முடியாது, படகு ஆடும். படித்துறையில் முக்காலியை ஊன்றி, தானியங்கிக் குவியத்தை (ஆட்டோஃபோகஸை) அணைத்து, நிலவில்லாத இரவில் முயலுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது.

பழைய இருட்டறை எழுதியது:

ஐயா, அம்மா, அனைவருக்கும் வணக்கம். கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. எங்கள் காலத்தில் ஒரு ஃபிலிம் சுருளுக்கு 36 படங்கள்தான். ஒரு கல்யாணத்துக்கு நான்கு சுருள் கொடுப்பார்கள். வீணாக்கினால் முதலாளி முகம் பார்த்துப் பேசமாட்டார். மீட்டர் பழுதான கேமராவோடும் வேலைக்குப் போயிருக்கிறேன். அப்போது கைகொடுத்தது ‘வெயிலுக்குப் பதினாறு’ என்று நாங்கள் சொல்லும் கணக்கு. நல்ல வெயிலில் துளையை எஃப்16இல் வைத்தால், ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழாக இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100க்குப் பக்கத்தில் உள்ள 1/125. மூட்டமாக இருந்தால் எஃப்8, வானம் தெரியும் திறந்த நிழலில் எஃப்4. இன்றைக்கும் நான் கேமராவைக் கண்ணில் வைப்பதற்கு முன் வாய்க்குள் எண்ணைச் சொல்லிப் பார்க்கிறேன். தம்பியும் அப்படிச் சொல்லிப் பழகட்டும். ஒரு மாதத்தில் ஒரு படிக்கு மேல் தவறாது.

செம்பனைக் காட்டுக்குள் அந்தக் கணக்கு செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயதான மரங்கள் தலைக்கு மேல் கூரை போல மூடிக்கொண்ட இடத்தில், வெளியே தார்ச்சாலை கொதிக்கும் நண்பகலிலும், திறந்த நிழலைவிடக் குறைவான ஒளிதான் இருக்கும். அந்த ஒளியும் ஓலைகளுக்குள் வடிந்தும் புல்லில் பட்டுத் திரும்பியும் வருவதால் முகத்தில் பச்சை ஏறும். ஒரு வெள்ளைத் தாளை அதே இடத்தில் படம் எடுத்து, அதைக் கொண்டு வெள்ளைச் சமநிலையை (ஒளியின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ‘வைட் பேலன்ஸ்’) கையால் அமைத்தால் முகம் சீராகும். விளக்கு வெளிச்சத்துக்கு நேர் எதிரான வழி. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். அகல் விளக்கின் ஒளி 2,000 கெல்வினுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த மஞ்சளை அடக்கத் தானியங்கி முயல்வதால் சுடரின் பொன்னிறம் சோகை பிடித்துப்போகிறது. வெள்ளைச் சமநிலையைப் பகல் ஒளிக்கு, அதாவது 5,200க்கு, மாற்றிவிட்டு மாலையில் பாட்டி விளக்கேற்றும்போது எடுத்துப் பாருங்கள்.

விடியலைப் பற்றியும் ஒன்று. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால்தான் நம் ஊரில் சூரியன் உதிக்க ஏழு மணியோ ஏழரை மணியோ ஆகிறது. உதிப்பதற்கு முந்திய இருபது நிமிடங்கள்தான் உங்களுக்கு வேண்டிய நீல வெளிச்சம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுவதால் அது நீடிக்காது. சுமார் மூன்று நிமிடத்துக்கு ஒரு படி என்ற வேகத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும். ஒருமுறை எண்களை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வரும்போது படம் வெளுத்துவிடும்.

லயத்து ஜன்னல் எழுதியது:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. ஐஎஸ்ஓ ஆட்டோவில்தான் இருந்தது. ஆறு மாதமாக அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்று எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

கடந்த மூன்று வாரங்களில் செய்தவற்றைச் சொல்கிறேன். பாட்டியை அடுப்படிக் கதவருகே உட்கார வைத்து, கன்னத்தில் அளந்து, ஐஎஸ்ஓ 800, எஃப்5.6, 1/125 நொடி என்று எடுத்தேன். சுவர் முழுவதும் போய்விட்டது. கன்னத்தின் ஒரு பாதி, மூக்குத்தி, முழங்கால் மேல் வைத்த கை, எவர்சில்வர் செம்பின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கீற்று. வேறு எதுவும் இல்லை. எனக்கு அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பாட்டியோ, படம் எடுக்கப் போகிறோம் என்று காலையிலிருந்து துடைத்து அடுக்கிய பாத்திர அலமாரி எங்கே என்று கேட்டார். அவருக்காக 1/15 நொடியில், கேமராவை அரிசிப் பையின் மேல் வைத்து, அலமாரி தெரியும்படி இன்னொன்றும் எடுத்தேன். இரண்டையும் அச்சிட்டுக் கொடுத்தேன். சுவரில் மாட்டியது இரண்டாவதைத்தான்.

மாமா ஒருவர் சிறுதோட்டம் ஒன்றில் இன்னும் ரப்பர் மரம் சீவுகிறார். குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே போய்விடுவார். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 3200, எஃப்3.5, 1/30 என்று எடுத்தபோது முதல் பத்துப் படங்களும் ஆடிப்போயின. பிறகு ஒன்றைக் கவனித்தேன். கத்தி பட்டையைச் சீவிக்கொண்டு போகும்போது கை ஆடுகிறது; கோட்டின் முடிவில் ஒரு கணம் நின்று, பால் வடிகிறதா என்று குனிந்து பார்ப்பார். அந்தக் கணத்தில் அழுத்தினால் 1/30 நொடியே போதுமானதாக இருக்கிறது. விளக்கு வட்டத்துக்குள் அவருடைய விரல்கள், புதிதாகச் சீவிய பட்டையின் இளஞ்சிவப்பு, அதில் இறங்கும் வெள்ளைக் கோடு, அடியில் பால் விழும் மங்கு (கிண்ணம்). காடு முழுவதும் கறுப்பு. மீட்டர் இரண்டு படிக்கும் கீழே என்று காட்டியது, நான் கேட்கவில்லை.

மின்மினிப் படங்களில்தான் தோற்றேன். படித்துறையில் முக்காலி வைத்து எஃப்3.5, ஐஎஸ்ஓ 800இல் முதலில் 10 நொடி எடுத்தேன். பூச்சிகள் மங்கலாக இருந்தன. 30 நொடிக்கு நீட்டினேன். வானம் வெளுத்ததே தவிரப் பூச்சிகள் பிரகாசமாகவில்லை. இது ஏன் என்று புரியவில்லை. மேலும், சென்ற வாரம் கோயில் மண்டபத்தில் 1/500 நொடியில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வந்திருக்கின்றன. கேமரா பழுதாகிவிட்டதோ என்று அஞ்சுகிறேன்.

ஒரு படி கீழே எழுதியது:

கேமராவில் பழுது இல்லை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. மலிவான எல்இடி விளக்குகள் அதனால் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. 1/500 நொடியில் ஷட்டர் முழுவதுமாகத் திறப்பதில்லை. ஓர் ஒடுங்கிய இடைவெளியாகப் படத்தின் குறுக்கே நகர்ந்து செல்கிறது. விளக்கு மங்கிய கணத்தில் அந்த இடைவெளி எங்கே இருந்ததோ அங்கே பட்டை விழும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் விளக்கின் முழுத் துடிப்பு ஒன்றாவது ஒவ்வொரு வரியிலும் விழுந்துவிடும், பட்டை மறையும். ஆட்டத்தை உறைய வைக்க முடியாது என்பது உண்மைதான். நாதஸ்வரக்காரர் மூச்சு இழுக்கும் இடத்தில் எடுங்கள், உங்கள் மாமா குனியும் கணத்தைக் கண்டுபிடித்தது போல.

மின்மினி விஷயம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஒரு பூச்சி மின்னுவது ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரம். ஷட்டர் 10 நொடி திறந்திருந்தாலும் 30 நொடி திறந்திருந்தாலும் அந்த ஒரு மின்னலின் ஒளி மாறுவதில்லை. அதன் பிரகாசத்தை முடிவு செய்பவை துளையும் ஐஎஸ்ஓவும் மட்டுமே. ஷட்டர் நேரம் முடிவு செய்வது வேறு இரண்டை: எத்தனை மின்னல்கள் படத்தில் சேர்கின்றன, வானம் எவ்வளவு வெளுக்கிறது. ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்த பூச்சியின் மின்னல்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஓரளவு கூடலாம். ஆனால் காற்றில் இலை ஆடினாலே அவை தனித்தனிப் புள்ளிகளாகிவிடும். ஆகவே ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி, நேரத்தை 8 முதல் 10 நொடிக்குள் வையுங்கள். பூச்சிகள் இரண்டு படி பிரகாசமாகும். வானமும் அதே அளவு ஏறும். எனவே நிலவும் மேகமும் இல்லாத இரவாகப் பாருங்கள். யாரிடமாவது 50 மில்லிமீட்டர் எஃப்1.8 லென்ஸ் இரவல் கிடைத்தால் இன்னும் இரண்டு படி கிடைக்கும்.

குளிரூட்டிய அறையில் இருந்த கேமராவை நேராக ஆற்றங்கரையின் ஈரக் காற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள், அதன் மேல் ஈரம் படியும். பையில் கட்டி வைத்து ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுங்கள்; வீடு திரும்பிய பிறகு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. அடுத்த முறை படங்களை இங்கே ஏற்றும்போது ஒவ்வொன்றின் கீழும் மூன்று எண்களையும், மீட்டர் குறி எங்கே நின்றது என்பதையும் எழுதுங்கள்.